தூக்கத்தில் வாய் வழியாக மூச்சு: ஆபரேஷன் இல்லாமல் என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 41. காலையில் எழுந்தால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வாய் வறண்டிருக்கிறது. வாயைத் திறந்தபடியே தூங்குகிறீர்கள், குறட்டையும் விடுகிறீர்கள் என்று மனைவி சொல்கிறார். மூக்குத் தண்டு (இரண்டு நாசிகளுக்கும் நடுவில் இருக்கும் சுவர்) லேசாக வளைந்திருக்கிறது, மூக்குக்குள் பக்கவாட்டில் இருக்கும் பக்கச் சதையும் வீங்கியிருக்கிறது, வேண்டுமானால் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு ஆபரேஷனில் மனம் இல்லை. இரவில் வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அதைச் செய்து பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், ஆறு வயது மகனும் வாயைத் திறந்துதான் தூங்குகிறான், அவனுக்கும் ஒட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

டேப்பைப் பற்றி உடனே சொல்ல வேண்டுமென்றால், உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம், மகனுக்கு எப்போதுமே வேண்டாம். ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது, கத்தி படாமல் இந்த மூக்கை ராத்திரி முழுக்க வேலை செய்ய வைக்க முடியுமா என்பதைத்தான். உங்கள் நிலையில் இருக்கும் பலருக்கு முடியும். நான் காது மூக்கு தொண்டை மருத்துவத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். என் அனுபவத்தில், எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. மூக்கு ஏன் அடைக்கிறது என்று பார்த்து அதைத் திறக்க வேண்டும். தூக்கத்தில் தொண்டை அடைபடுகிறதா என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வாயை மூடும் முயற்சியெல்லாம் அதற்கு அப்புறம்தான். உங்கள் மூக்குக்குள் நான் பார்க்கவில்லை. எனவே இதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூக்கு வழியாக வரும் காற்று, தொண்டைக்குப் போவதற்குள் வெதுவெதுப்பாகி, ஈரமாகி, பெரும்பாலான தூசியையும் விட்டுவிடுகிறது. வாய் வழியாகப் போகும் காற்று வாயின் ஈரத்தை எடுத்துக்கொண்டு போகிறது. உங்கள் காலை வறட்சி அதனால்தான் இருக்க வேண்டும். (சர்க்கரை நோய், சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் வாய் வறளும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.) இதைவிட முக்கியமானது தாடை. வாய் திறக்கும்போது கீழ்த்தாடை கீழே இறங்கிப் பின்னால் சரிகிறது, அதோடு நாக்கின் அடிப்பகுதியும் பின்னால் போகிறது, தொண்டை குறுகிவிடுகிறது. இளநீர் ஸ்ட்ராவை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு உறிஞ்சினால் கீழ்ப்பகுதி உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும் இல்லையா, மூக்கு அடைத்திருக்கும்போது தொண்டைக்கும் அதுதான் நடக்கிறது. உடல் வாயைத் திறந்து தப்பிக்கப் பார்க்கிறது, அதில் தொண்டை இன்னும் குறுகுகிறது. இவ்வளவும் உறுதியாகத் தெரிந்தவை. சைனஸ் அறைகளில் நைட்ரிக் ஆக்சைடு வாயு உற்பத்தியாகிறது என்பதை ஸ்வீடன் விஞ்ஞானிகள் 1995-இல் கண்டுபிடித்தார்கள். அதுவும் உண்மை. ஆனால் அதை வைத்துக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டால் முகத்தின் அமைப்பே மாறும், எல்லா வியாதியும் போகும் என்று வீடியோக்களில் சொல்வதற்கு இன்றைக்கு ஆதாரம் கிடையாது.

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். வெளிநோயாளிப் பிரிவில் நாங்கள் நாக்கை அழுத்தும் பட்டையான உலோகக் கருவியை மூக்குக்குக் கீழே பிடித்து மூச்சு விடச் சொல்வோம். அதில் இரண்டு பக்கமும் பனி படியும், எந்தப் பக்கம் சின்னதாகப் படிகிறதோ அந்தப் பக்கம் அடைப்பு அதிகம். வீட்டில் ஒரு சின்னக் கண்ணாடியோ வழவழப்பான ஸ்டீல் தட்டோ போதும். சமையலறைத் தட்டை ஃப்ரிட்ஜில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, மேலுதட்டுக்கு மேல் படுக்கையாகப் பிடித்து மெதுவாக மூச்சு விடுங்கள். அடுத்து, ஒரு வாய்த் தண்ணீரை விழுங்காமல் மூன்று நிமிடம் வைத்துக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சு விடுங்கள். விழித்திருக்கும்போதே இது திணறலாக இருந்தால், படுத்துத் தூங்கும்போது மூக்கு தாக்குப்பிடிக்காது. மூன்றாவதாக, கன்னத்தில் மூக்கை ஒட்டி விரலை வைத்து வெளிப்பக்கமாக லேசாக இழுங்கள். உடனே மூச்சு சுலபமானால், மூக்கின் முன்வாசல் குறுகலாக இருக்க வாய்ப்பு உண்டு. இந்தக் கடைசிச் சோதனையை முழுதாக நம்ப முடியாது, ஆனால் மூக்குப் பட்டை உங்களுக்கு உதவுமா என்று ஓரளவு காட்டும்.

உங்கள் இரண்டு நாசிகளும் மாறி மாறி அடைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல செய்தி. ஆரோக்கியமானவர்களுக்கும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு நாசி வீங்கி மறு நாசி திறக்கும். இடகலை, பிங்கலை என்று நம் யோக மரபு கவனித்துவைத்திருக்கும் இந்த மாற்றத்தை ஜெர்மன் மருத்துவர் கைசர் 1895-இல் மருத்துவ ஏட்டில் பதிவு செய்தார். படுத்தால் வீக்கம் கூடும், ஒருக்களித்தால் கீழ்ப்பக்க நாசி அடைக்கும். எலும்பு வளைவு மட்டும்தான் காரணம் என்றால் அடைப்பு இப்படிப் பக்கம் மாறாது. மாறுகிறது என்றால் அடைப்பில் பெரும்பங்கு பக்கச் சதையின் வீக்கம், அது மருந்துக்குக் கட்டுப்படக்கூடியது. எப்போதும் ஒரே பக்கம் அடைத்து, ரத்தமோ நாற்றமோ வந்தால் அது வேறு கதை, காமிரா வைத்து உள்ளே பார்க்காமல் விடக் கூடாது.

மூக்கைத் திறக்கும் வழிகளில் நான் முதலில் சொல்வது உப்புத் தண்ணீரில் கழுவுவது. கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. அளவு சரியாக வராது என்று தோன்றினால் மருந்துக்கடையில் கிடைக்கும் பாக்கெட்டையே வாங்கிக்கொள்ளுங்கள். குனிந்து நின்று, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே ஒரு நாசியில் ஊற்றினால் மறு நாசி வழியாக வழியும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர்தான் வேண்டும், குழாயிலிருந்தோ போர்வெல்லிலிருந்தோ நேராகப் பிடித்தது கூடாது. கேரளத்தில் 2024-லும் 2025-லும் உயிர்களைப் பறித்த அமீபா மூளைக்காய்ச்சல், அசுத்தத் தண்ணீர் மூக்குக்குள் ஏறுவதால் வருவது. அமெரிக்காவின் லூசியானாவில் 2011-இல் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் இதே அமீபாவால் இறந்தார்கள். குடிக்கும்போது வயிற்று அமிலம் கொன்றுவிடும் கிருமி, மூக்கின் கூரை வழியாக நேரே மூளைக்குப் போகக்கூடியது.

அடுத்தது ஸ்டீராய்டு ஸ்ப்ரே. ஃப்ளூட்டிகாசோன், மொமெட்டாசோன் போன்றவை. ஸ்டீராய்டு என்றதும் பயந்து பாதியில் விட்டுவிடுபவர்கள் நிறைய. இவற்றில் உடம்புக்குள் சேரும் அளவு மிகச் சொற்பம். ஒவ்வாமையால் வரும் மூக்கடைப்புக்கு இதைவிட நன்றாக நிரூபிக்கப்பட்ட மருந்து கிடையாது. கண்ணில் அழுத்த நோய் இருப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாள் அடித்துப் பார்த்துவிட்டு 'கேட்கவில்லை' என்று நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்ப்பது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகும். அடிக்கும் முறையும் முக்கியம். முதலில் மூக்கைச் சிந்திவிட்டு, பாட்டிலைக் குலுக்கி, தலையை லேசாகக் குனிந்துகொள்ளுங்கள், அண்ணாந்து பார்க்கக் கூடாது. வலது நாசிக்கு இடது கையால் அடியுங்கள், இடது நாசிக்கு வலது கையால். அப்படிப் பிடித்தால் முனை தானாகவே வெளிப்பக்கமாக, கண்ணின் வெளி ஓரத்தை நோக்கித் திரும்பும். நடுத் தண்டின் மேல் பட்டுக்கொண்டே இருந்தால் அங்கே புண்ணாகி ரத்தம் வரும். மருந்தை உறிஞ்சி இழுக்காதீர்கள். தொண்டையில் மருந்தின் ருசி தெரிந்தால் இழுத்தது அதிகம் என்று பொருள். செட்ரிசின் மாதிரி மாத்திரைகள் தும்மலையும் ஒழுகலையும் நிறுத்தும், அடைப்பை அவ்வளவாகக் குறைக்காது.

உடனே மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்துகள், அதாவது சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் வகை, வேறு ஜாதி. சளிக்கு மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து நாள். அதற்கு மேல் போனால் மருந்து இறங்கியதும் சதை முன்னைவிட அதிகமாக வீங்கும், மறுபடி சொட்டு விடாமல் தூங்க முடியாது. தலையணைக்கு அடியில் இந்தப் பாட்டிலை வைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் இப்போது அப்படி ஏதாவது பயன்படுத்தினால், மற்ற எதற்கும் முன்னால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், நிறுத்தவும் ஒரு முறை இருக்கிறது. விக்ஸ், தைலம் தடவுவதில் பெரியவர்களுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் மூக்குக்குள் வைக்காதீர்கள். மென்தால், குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டி, காற்று நன்றாகப் போகிற உணர்வைத் தரும். அளந்து பார்த்தால் அடைப்பு அப்படியேதான் இருக்கும். அந்த உணர்வு தூங்க உதவினால் சரி, சிகிச்சை என்று நினைத்துவிட வேண்டாம்.

படுக்கையறையைப் பற்றி மருத்துவர்கள் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் கருத்து. நீங்கள் கடலூரில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். கடலோர ஈரப்பதம் தூசுப்பூச்சிக்கு மிகவும் பிடித்த இடம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சி மெத்தையிலும் தலையணையிலும் நம் உதிர்ந்த தோலைத் தின்று வாழ்கிறது. அதன் கழிவுதான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில், 60 டிகிரி சூட்டில் துவையுங்கள். பல வருடம் பழகிய இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றுங்கள், அல்லது நெருக்கமாக நெய்த உறை போடுங்கள். அப்புறம் கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் நுண்துகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. மூடிய அறையில் அதைக் கொளுத்திவைத்துக்கொண்டு மூக்குக்கு ஸ்ப்ரே அடிப்பதில் பயன் இல்லை. கொசுவலை கட்டுங்கள்.

மூக்கின் மேல் ஒட்டும் பட்டை அமெரிக்காவில் 1993-இல் அனுமதி பெற்றது. மூக்கடைப்பால் அவதிப்பட்ட புரூஸ் ஜான்சன் என்பவர் உருவாக்கியது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வில் நிமிரப் பார்க்கும்போது மூக்கின் இரு பக்கமும் வெளியே இழுபடும். முன்வாசல் குறுகலாக இருப்பவர்களுக்கு நிஜமாகவே காற்றோட்டம் கூடும். கன்னத்தை இழுத்துப் பார்த்ததில் உங்களுக்குச் சுலபமாக இருந்தால் வாங்கிப் பாருங்கள், பெரிய செலவு இல்லை. தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் மூச்சுத்தடை நோயை அது தீர்க்காது. படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்துவது, மல்லாக்காமல் ஒருக்களித்துப் படுப்பது, படுக்கப்போகும் முன் மது அருந்தாமலிருப்பது ஆகியவற்றால் பலருக்குக் குறட்டை குறையும். தாடையைக் கட்டும் பட்டைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை, தனியாக அவை பயன் தந்ததாக ஆய்வுகளும் காட்டவில்லை.

இனி குறட்டை. பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் டேப் வேண்டாம் என்கிறேன். மேலே சொன்ன மூச்சுத்தடை நோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சத்தமான குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, ரத்தக்கொதிப்பு, அதிக எடை, 50 வயதுக்கு மேல், 40 செ.மீ.க்கு மேல் கழுத்துச் சுற்றளவு, ஆண் என்பது ஆகிய எட்டில் மூன்று இருந்தாலே பரிசோதனை அவசியம். உங்களுக்கு ஏற்கெனவே மூன்று சேர்ந்துவிட்டது. ஒல்லியாக இருக்கிறேனே என்று விட்டுவிடாதீர்கள், தாடை அமைப்பின் காரணமாக ஆசியர்களுக்கு எடை குறைவாக இருக்கும்போதே இந்த நோய் வருகிறது. விடியற்காலையில் மனைவிக்கு விழிப்பு வரும்போது உங்களை ஃபோனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், கனவுத் தூக்கம் அதிகமாக வரும் அந்த நேரத்தில்தான் தடை கூடும். குறட்டை திடீரென்று நின்று, வயிறும் நெஞ்சும் மட்டும் எம்பி எம்பி இறங்கி, கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெரிய உறுமலோடு மூச்சு திரும்பினால், அந்த வீடியோவே போதும், ஸ்லீப் ஸ்டடிக்கு, அதாவது தூங்கும்போது மூச்சை அளக்கும் பரிசோதனைக்கு, எழுதிக்கொடுத்துவிடுவார்கள். வீட்டிலேயே செய்யும் வகையும் இப்போது இருக்கிறது. மணிக்கு எத்தனை முறை தடைபடுகிறது என்ற எண் 5-க்குக் கீழே என்றால் கவலையில்லை, 15 வரை லேசானது, 30-ஐத் தாண்டினால் தீவிரமானது.

அந்த எண் அதிகமாக இருந்தாலும் கத்தி கட்டாயமில்லை. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981-இல் வெளியிட்ட சிபாப் கருவிதான் இன்றும் முதல் சிகிச்சை. தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாமல் வைத்திருக்கும் கருவி அது. எடை கூடியிருந்தால், எடையில் 10 சதவீதம் குறைந்தால் தடைகள் நான்கில் ஒரு பங்கு குறையும் என்று அமெரிக்காவின் விஸ்கான்சினில் நீண்ட காலம் நடந்த ஆய்வு காட்டியது. நாக்குப் பயிற்சிகளை நான் நம்பிக்கையோடு சொல்வேன், ஆனால் பொறுமை இருப்பவர்களிடம் மட்டும். நாக்கு முழுவதையும் மேலண்ணத்தில் உறிஞ்சி ஒட்டவைத்துப் பிடிப்பது, நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னாலிருந்து அண்ணம் வழியே பின்னுக்கு இழுப்பது, 'ஆ' என்று சொல்லி உள்நாக்கை உயர்த்திப் பிடிப்பது போன்றவை. சாவோ பாலோவில் 31 பேரை வைத்து 2009-இல் வெளியான ஆய்வில், தினமும் அரை மணி நேரம் என மூன்று மாதம் செய்தவர்களுக்கு அந்த எண் சராசரியாக 22.4-லிருந்து 13.7-க்கு இறங்கியது. சின்ன ஆய்வுதான், ஆனால் பின்னால் வந்தவையும் அதே திசையில்தான் காட்டுகின்றன. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிஜெரிடூ என்ற ஊதுகுழலை நான்கு மாதம் வாசித்தவர்களுக்கும் பலன் கிடைத்ததாக 2006-இல் ஒரு சுவிஸ் ஆய்வு வந்தது. தொண்டைத் தசைக்கு வேலை கொடுத்தால் அது உறுதிப்படுகிறது.

இப்போது டேப்புக்கு வருகிறேன். தைவானில் 2022-இல், லேசான மூச்சுத்தடை உள்ள 20 பேருக்கு ஒட்டிப் பார்த்ததில் மணிக்கு 8.3 ஆக இருந்த தடை 4.7 ஆனது. வீடியோக்களில் சொல்லப்படுவது இதுதான். 2025-இல் வந்த தொகுப்பாய்வு 10 ஆய்வுகளை, மொத்தம் 213 பேரை, சேர்த்துப் பார்த்தது. இரண்டில்தான் குறிப்பிடும்படியான முன்னேற்றம் தெரிந்தது, மூக்கு அடைத்திருப்பவர்களுக்கு மூச்சுத் திணறும் அபாயத்தைச் சில ஆய்வுகள் எச்சரித்தன. அமெரிக்காவில் 2024-இல் வந்த இன்னொரு ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். தூங்கவைத்து வாயை மூடிப் பார்த்தபோது பலருக்குக் காற்றோட்டம் கூடியது, ஆனால் பெரும்பாலும் வாயாலேயே மூச்சு விட்டவர்களுக்குக் குறைந்தது. அவர்களுக்கு வாய்தான் திறந்திருந்த ஒரே வழி. ஸ்லீப் ஸ்டடியில் எண் 5-க்குக் கீழே வந்து, மூக்கு நன்றாகத் திறந்து, மூன்று நிமிடத் தண்ணீர்ச் சோதனையைச் சுலபமாகத் தாண்டி, அப்போதும் பழக்கத்தால் வாய் திறந்துகொண்டிருந்தால் முயன்று பார்ப்பதை நான் தடுக்க மாட்டேன். உதடு முழுவதையும் அடைக்காமல், காகித மருத்துவ டேப்பில் ஒரு சிறு துண்டை நடுவில் செங்குத்தாக ஒட்டினால் போதும், தேவைப்பட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ள வேண்டும். மது அருந்திய இரவிலும், சளி பிடித்திருக்கும்போதும், வாந்தி வரும் போலிருக்கும்போதும் வேண்டாம்.

இதையெல்லாம் இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் மூக்கு திறக்கவில்லை என்றால் ஆபரேஷனை மறுபடி யோசிக்கலாம், அதில் தவறில்லை. மூக்கடைப்பு குறையும், சிபாப் போட வேண்டியிருந்தால் அதைப் பொறுத்துக்கொள்வதும் சுலபமாகும். ஆனால் மூக்குத் தண்டை நேராக்குவதால் மட்டும் மூச்சுத்தடை நோய் தீருவது அரிது. அந்த எதிர்பார்ப்போடு மேசையில் ஏற வேண்டாம்.

மகனைப் பற்றி. இந்த வயதில் வாயைத் திறந்து தூங்குவதற்கு மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை, டான்சில், ஒவ்வாமை ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். பிள்ளையின் வாயில் எதையும் ஒட்டக் கூடாது, அவனால் நள்ளிரவில் அதைப் பிய்த்துக்கொள்ள முடியும் என்று நம்ப முடியாது. வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் குறட்டை, கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு தூங்குவது, வேர்த்துக் கொட்டுவது, படுக்கையில் சிறுநீர் கழிக்க மறுபடி ஆரம்பிப்பது, பகலில் துறுதுறுப்பு, டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள். கடைசியாகச் சொன்னது, அடினாய்டால் காதுக்குள் நீர் தேங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். மூக்கு ஸ்ப்ரேயால் சில வாரங்களில் சுருங்கும் அடினாய்டுகளும் உண்டு. ஆபரேஷன் வேண்டாம் என்ற பிடிவாதத்தை மட்டும் அவன் விஷயத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். 2013-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், மூச்சுத்தடை இருந்த 5 முதல் 9 வயதுக் குழந்தைகளில் அடினாய்டையும் டான்சிலையும் அகற்றும் ஆபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதத்தினருக்கு ஏழு மாதத்தில் தூக்கப் பரிசோதனை சரியாகிவிட்டது. செய்யாமல் கண்காணித்தவர்களில் 46 சதவீதத்தினருக்குச் சரியானது. காத்திருந்து பார்க்கவும் இடம் இருக்கிறது, தேவைப்பட்டால் ஆபரேஷனில் பலனும் இருக்கிறது. உங்கள் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவனையும் அழைத்துப் போங்கள், அவன் தூங்கும் வீடியோவும் காது கேட்கும் பரிசோதனையும் சேர்ந்து இருந்தால் ஒரே நாளில் அவர் ஒரு முடிவுக்கு வர முடியும்.